பேருக்குத்தான் என் கார்

அந்தக் கடுதாசிய எத்தன தடவ மடிச்சு விரிச்சாலும் அது அதையேதாம்மா சொல்லும். குடுங்க இப்படி. நம்ம வண்டிங்க இப்பதான் உள்ள போயிருக்கு, இன்னும் லைட்டு கூடப் பாத்திருக்க மாட்டானுங்க. சனிக்கிழமைன்னா இந்த இன்ஸ்பெக்ஷன் சென்டர்ல இப்படித்தான், உக்காந்தே கிடக்கணும். தண்ணி வேணும்னா அந்த மெஷின்ல வாங்காதீங்க, காசத் தின்னுட்டுச் சும்மா நிக்கும். போன வாட்டி என்கிட்ட தின்னுச்சு.

உங்க வண்டிக்கு ஒம்பது முடிஞ்சு பத்து நடக்குதா? அப்பச் சரி. இது பயப்படுற கடுதாசி இல்ல. உங்க சிஓஇ முடியப் போவுது, வண்டிய என்ன செய்யப் போறீங்கன்னு போக்குவரத்து ஆபீஸ்லேர்ந்து கேக்குறாங்க, அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரர் உங்களையே விசாரிச்சுட்டு வரச் சொன்னாராக்கும்? ஆம்பிளைங்க வழக்கமே அதான். வாங்கும்போது அவங்க, ஸ்கிராப்புக்குப் போடும்போது நாம.

ரிபேட்டுன்னா அரசாங்கம் திருப்பித் தர்ற காசு; அதுல ரெண்டு இருக்கு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. பத்து வருஷம் ரோட்டுல ஓட்டலாம்னு காசு கட்டி அனுமதி வாங்குறோம்ல, அதான் சிஓஇ. பத்து வருஷம் ஆகுறதுக்கு முந்தியே பதிவ ரத்து பண்ணிட்டா, மிச்சமிருக்கிற மாசத்துக்கும் நாளுக்கும் கணக்குப் போட்டுத் திருப்பித் தருவாங்க. அது நாளாக ஆகக் கரையும், கடைசி நாள்ல கையில ஒண்ணும் நிக்காது. இன்னொண்ணு பார்ஃப். வண்டி வாங்கும்போது வரின்னு ஒரு பெருந்தொகை கட்டியிருப்பீங்க. ஷோரூம்காரன் வெலையோட சேத்துச் சொல்லியிருப்பான், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பத்து வருஷத்துக்குள்ள வண்டிய எடுத்துட்டா அந்த வரியில ஒரு பங்கு திரும்பி வரும். நம்ம வண்டி மாதிரி அந்தக் காலத்து வண்டிக்குப் பத்தாவது வருஷத்துல பாதி. பாதிம்மா, சும்மா இல்ல. ஆனா பத்து முடிஞ்ச மறுநாள் போயி நின்னீங்கன்னா சைபர்தான், உருண்டு பொரண்டு அழுதாலும் வராது.

ஓட்டணும்னு ஆசையா இருந்தா சிஓஇய நீட்டிக்கலாம், அஞ்சு வருஷமோ பத்து வருஷமோ. அதுக்குத் தனியாக் காசு கட்டணும். கட்டின அன்னைக்கே பார்ஃப் போச்சு. மனசு மாறிடுச்சு, திருப்பிக் குடுங்கன்னு மறுநாள் கேட்டாலும் குடுக்க மாட்டாங்க. அதுலயும் அஞ்சு வருஷம் எடுத்தா அதோட சரி, திரும்ப நீட்டிக்க முடியாது, வண்டி போய்த்தான் ஆவணும்.

நான் சொல்றதக் கேளுங்க. எடுத்துடுங்க. ரிபேட்ட வாங்கிப் பையில போட்டுக்கிட்டு எம்ஆர்டி ரயில்ல போங்க. இரும்பு மேல போயி பாசம் வைக்கிறவங்களப் பாத்தா எனக்குச் சிரிப்புதான் வரும்.

இதெல்லாம் எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு பாக்குறீங்களா? என் தம்பி பூபாலன். பேருதான் பூபாலன், ஆண்டதெல்லாம் ஒரு பழைய வேனு. சாப்பாடு டெலிவரி எடுத்து நடத்தினான், நல்லாத்தான் போச்சு, அப்புறம் ஒரேடியாக் கவுந்து திவாலாயிட்டான். திவாலானவன் பேர்ல காரு எப்படி வாங்குறது? அதனால என் பேர்ல வாங்கினோம். பேருக்குத்தாம்மா என் கார். ஓட்டுறது அவன், தவண கட்டுறது அவன், பார்க்கிங் சம்மன் மட்டும் தவமணின்னு என் பேருக்கு வரும். நான் அதத் தூக்கி அவன் சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல வப்பேன். அவன் அதால விசிறிக்கிட்டுச் சாப்பிடுவான்.

அவன நான்தான் வளத்தேன். அம்மா போகும்போது அவன் பிரைமரி ஸ்கூல் பையன். நான் கல்யாணம் காட்சின்னு எதுவும் வச்சுக்கல, ஃபேக்டரியில மூணு ஷிப்டும் மாத்தி மாத்திப் பாத்து அவன ஆளாக்கினேன். யீஷூன்ல என் வீடு. அவனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சதும் அந்த வீட்டுலதான், பொண்டாட்டி புனிதாவ தைப்பிங்லேர்ந்து கூட்டிட்டு வந்ததும் அந்த வீட்டுக்குத்தான், ஷாமினி பொறந்து தவந்ததும் அங்கதான். என் கைய விட்டு அவன் ஒரு நாளும் போனதில்ல.

ரிபேட்டப் பத்தி அவன் பேச ஆரம்பிச்சா எனக்கு வயிறு வலிக்கும், சிரிச்சு. "அக்கா, நம்ம ஊர்ல செத்தா காசு குடுக்குறது காருக்கு மட்டுந்தான், அதுவும் கெழடு தட்டுறதுக்குள்ள செத்துடணும்"னு சொல்லுவான். பத்தாவது வருஷம் முடியுறதுக்குள்ள வண்டியக் குடுத்துடணும், அந்தக் காசுல ஒரு கடை போடணும்னு திட்டம் வச்சிருந்தான். புனிதா நல்லா ப்ளவுஸ் தைப்பா, அவளுக்கு ஒரு தையக்கடை. எல்லாம் அவன் போட்ட கணக்கு.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில தேக்கா மார்க்கெட்டுக்குப் போவோம்னு கிளம்பினோம். நான் போயி வண்டியக் குளுகுளுன்னு ஆக்கி வைக்கிறேன் அக்கா, நீ மெதுவா வான்னுட்டு முன்னாடி போயிட்டான். நான் பையெல்லாம் எடுத்துக்கிட்டு கார்பார்க்கு மேல் தளத்துக்குப் போனா, ஏசி ஓடுது, ரேடியோ பாடுது, இவன் சீட்டச் சாச்சுப் போட்டுக் கண்ண மூடிக் கிடக்கான். எப்பவும் அப்படித்தான், தூங்குற மாதிரி நடிப்பான், நான் கண்ணாடியத் தட்டித் திட்டினாத்தான் சிரிச்சுக்கிட்டே கதவத் தொறப்பான். நானும் தட்டினேன். தட்டிக்கிட்டே இருந்தேன். எருமமாடே, வெயிலேறுது, மீனெல்லாம் போயிடும்னு திட்டிக்கிட்டே நின்னேம்மா. பக்கத்துல வண்டி நிறுத்துற மலாய்க்காரர் வந்து என் கையப் பிடிச்சு நிறுத்தினாரு. அவருதான் பாத்தாரு, நான் பாக்கல.

நெஞ்சு வலியாம். கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ளயாம். டாக்டர் அப்படித்தான் சொன்னாரு.

கருமாதி முடிஞ்சதும் புனிதா கார் சாவியக் கொண்டாந்து என் முன்னாடி வச்சா. நீங்களே வச்சுக்குங்க அண்ணி, எனக்கு அந்தப் பக்கம் போகவே முடியலன்னா. அந்தப் பொண்ணு சாவிக்கொத்த ரெண்டு விரலால பிடிச்ச பிடியப் பாத்து எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. புருஷன் உக்காந்திருந்த வண்டி, அதப் போயி அருவருத்துப் பாக்கலாமா? சரி, சின்னப் பொண்ணு, பயம்னு விட்டுட்டேன்.

எனக்கு லைசென்ஸ் இருக்கு. அந்தக் காலத்துல ஓவர்டைம் காசுல எடுத்தது. வண்டி சும்மா நின்னா பேட்டரி செத்துடும்ல, அதுக்காகத்தான் போனேன். வேற எதுக்கும் இல்ல. சாயங்காலமாப் போயி எஞ்சினப் போட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவேன். முதல்ல ஏலக்கா வாசம்தான் வந்துச்சு. அவன் திருட்டுத்தனமா சிகரெட் குடிச்சுட்டு ஏலக்காயப் போட்டு மெல்லுவான், அக்காவுக்குத் தெரியக் கூடாதாம். அக்காவுக்குத் தெரியாம அவன் என்ன செஞ்சிருக்கான்? அந்த வாசம். ஜன்னல் மூடியிருக்கு, வண்டியில ஏலக்கா எதுவும் கிடையாது, நான் டேஷ்போர்டு முழுக்கத் தேடிப் பாத்துட்டேன்.

அப்புறம் மணி அடிச்சது. இந்தக் காலத்து வண்டியில பக்கத்து சீட்டுல ஆள் உக்காந்து பெல்ட்டு போடலன்னா டிங் டிங்னு அடிக்கும் பாருங்க, அது. நான் ஓட்டுற சீட்டுல இருக்கேன், என் பை என் மடியில இருக்கு, பக்கத்து சீட்டுல ஒண்ணுமே இல்ல. அடிக்குது. செவப்பு லைட்டு எரியுது. பொய் சொல்லல. ஆனா பயமில்லம்மா. பயந்தா அக்காவா? எட்டி அந்த பெல்ட்ட இழுத்து மாட்டி விட்டேன், ஸ்கூலுக்கு அனுப்பும்போது அவனுக்கு பட்டன் போட்டு விடுவேனே, அந்த மாதிரி. மணி நின்னுடுச்சு. அன்னைக்கு நான் அழுத அழுக அவன் செத்தன்னைக்குக் கூட அழல.

வொர்க்ஷாப்புல ஒரு பையன் சொன்னான், சீட்டுக்கு அடியில சென்சார் போயிடுச்சு ஆன்ட்டி, மாத்திடலாம்னு. உன் வேலையப் பாரு, எண்ணெய மாத்து, அத மாத்தாதன்னு சொல்லிட்டேன்.

எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா? அவன் பெத்த பிள்ளைக்குத் தெரிய வேணாமா? அதான் ஷாமினியக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சேன். அவளுக்கு அப்ப ஏழு வயசு. சின்னப் பிள்ளைங்க கண்ணுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லுவாங்கல்ல. பின்னால உக்கார வச்சு, முன் சீட்டக் காட்டி, அப்பா இருக்காரா பாருன்னு கேட்டேன். சீட்டப் பாத்தா. என் மூஞ்சியப் பாத்தா. திரும்பச் சீட்டப் பாத்தா. இருக்காருன்னா. என்ன சொல்றாருன்னு கேட்டேன். திரும்ப என் மூஞ்சியப் பாத்துட்டு, அத்தைய அழ வேணாம்னு சொல்றாருன்னா.

அதுக்கப்புறம் தினமும் போவோம். அம்மாகிட்ட சொல்லாதன்னு சொல்லி வச்சேன், அவ பயந்தாங்கொள்ளி, அவளுக்கு இதெல்லாம் தாங்காது. விளையாட்டு மைதானத்துக்குப் போறோம்னு சொல்லிட்டுப் போவோம். பூபாலன் பிள்ளை வாயால எல்லாம் பேசுவான். ஒரு நாள் கறி பஃப் வேணும்னான். கோப்பிக்கடையில வாங்கிட்டுப் போனேன். ஷாமினி அப்பாவுக்குப் பதிலாத் தின்னுட்டு, அப்பாவுக்கு நாளைக்கும் வேணுமாம்னா. உசுரோட இருக்கும்போது அவனுக்குக் கறி பஃப் ஆகவே ஆகாது, நெஞ்சு எரியுதும்பான். செத்தப்புறம் நெஞ்செரிச்சல் எல்லாம் இருக்காது போலன்னு நான் நெனச்சுக்கிட்டேன். தினமும் வாங்கினேன். ஒரு நாள் பாருங்க, நான் ஏதோ நெனப்புல உக்காந்திருக்கேன், பின்னாலேர்ந்து "அக்கா, ஏசியக் கூட்டு"ன்னு குரல் வருது. அந்தப் பிள்ளை என்னைக்கும் என்ன அத்தைன்னுதான் கூப்பிடும். திரும்பிப் பாத்தா அது ஜன்னல் கண்ணாடியில விரலால எழுதிக்கிட்டு இருக்கு. அந்த ஒரு வார்த்தைக்கு நான் என் சொத்தெல்லாம் எழுதி வச்சிருப்பேன்.

இதுக்கு நடுவுல பிள்ளைக்குக் கண்ணு பட்டுடுச்சு. நல்லா இருந்த பிள்ளை படுக்கைய நனைக்க ஆரம்பிச்சுச்சு. சாயங்காலம் ஆனா வயிறு வலிக்குதும்பா, செருப்பக் காணோம்பா, ஹோம்வொர்க் இருக்குதும்பா. ஸ்கூல்லேர்ந்து டீச்சர் கூப்பிட்டு, பிள்ளை வகுப்புல பேசவே மாட்டேங்குது, வீட்ல ஏதாச்சும் பிரச்சினையான்னு புனிதாகிட்ட கேட்டிருக்காங்க. அப்பன் செத்த வீட்ல என்ன பிரச்சினைன்னா கேக்குறது? நான் அம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி திருநீறு போட்டு எலுமிச்சம்பழம் சுத்தி வாங்கிட்டு வரலாம்னு பாத்தேன். அதே காருலதான் கூட்டிட்டுப் போனேன், அப்பனும் கூட வரட்டும்னு. பாதி வழியில அப்படியே வாந்தி எடுத்துட்டா. எவ்வளவு பொல்லாத கண்ணு பாருங்க.

அதுக்கு ரெண்டொரு நாள் கழிச்சு புனிதா கார்பார்க்குக்கு வந்துட்டா. அவன் போனதுக்கப்புறம் அந்தத் தளத்துல கால் வைக்காதவ. நாங்க பேசிக்கிட்டு இருக்கோம், நான் கேக்குறேன், பிள்ளை பதில் சொல்லுது, யாரோ நிக்கிற மாதிரி இருக்குன்னு பாத்தா ஜன்னலுக்கு வெளிய இவ. எவ்வளவு நேரமா நின்னாளோ தெரியல. பின் கதவத் தொறந்தா, பிள்ளையோட பெல்ட்டக் கழட்டினா, தூக்கிக்கிட்டுப் போயிட்டா. அவ்வளவு பெரிய பிள்ளையத் தூக்கிக்கிட்டு லிஃப்டுக்குக் கூட நிக்காம படியில எறங்கினா.

வீட்டுக்குப் போனதும் அடுப்படியில வச்சு எங்கிட்ட பேசினா. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து என் எதிர்ல குரல் எழுப்பாத பொண்ணு. அன்னைக்கும் குரல் எழுப்பல.

"அண்ணி, அவ இன்னும் அவ அப்பாவுக்காக அழுது முடிக்கல. நீங்க தினமும் சாயங்காலம் அவ வாயிலயே அவர எழுப்பி உக்கார வைக்கிறீங்க. அந்தக் காரு போகணும் அண்ணி."

அப்புறம் மெதுவா எல்லாத்தையும் சொன்னா. தைப்பிங்ல அவ அக்கா தையக்கடை வச்சிருக்கா, பக்கத்துக் கடையும் காலியா இருக்காம், கூட்டாச் சேந்து நடத்தலாம்னு கூப்பிடுறாளாம். பிள்ளைக்கு இடம் மாறினா நல்லதுன்னு டீச்சரும் சொன்னாங்களாம். பத்து வருஷம் முடியுறதுக்குள்ள வண்டியக் குடுத்துட்டா வர்ற பார்ஃப் காசு கடைக்குப் போதும்னு அவரே சொல்லியிருக்காராம். வண்டி உங்க பேர்ல இருக்கு அண்ணி, காசும் உங்க பேருக்குத்தான் வரும், எனக்குக் குடுப்பீங்களான்னு கேட்டா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என்ன அப்படிக் கேட்டுட்டா? எனக்கு எதுக்கும்மா அந்தக் காசு? ஒரு சல்லி எனக்கு வேணாம், முழுசா உனக்கும் பிள்ளைக்கும்தான்னு பூபாலன் படத்துக்கு முன்னாடி நின்னு சத்தியம் பண்ணினேன். என் சத்தியத்துல ஒரு பழுதும் கிடையாது. ரிபேட்டுன்னு ஒண்ணு வந்திருந்தா அப்படியே எடுத்து அவ கையில குடுத்திருப்பேன்.

ஸ்கிராப் யார்டுக்கும் நானே போனேன், விசாரிக்க. ஒரு சீனக் கிழவர் உக்காந்திருந்தாரு, நல்ல மனுசன், பால் ஊத்தாத தே ஓ வாங்கிக் குடுத்தாரு. பதிவ ரத்து பண்ணிட்டு வண்டியக் கொண்டாங்க, பேப்பர்லாம் நான் பாத்துக்குறேன்னாரு. கொண்டு வந்தா வண்டிய என்ன செய்வீங்கன்னு கேட்டேன். ஏன் கேட்டேன்னு இருக்கு இப்ப. அவரு ரெண்டு கையையும் அகலமா விரிச்சு, அப்படியே கிட்டக் கிட்டக் கொண்டாந்து, இவ்வளவா ஆக்கிடுவோம்னு காட்டிச் சிரிச்சாரு. பிஸ்கட்டு டப்பா பிடிக்கிற மாதிரி ரெண்டு கையும் நின்னுச்சு.

அந்த நாளும் வந்துச்சு. காலையில வண்டியக் கழுவினேன். உள்ள இருந்த அவன் குடை, சீப்பு, முன்னால ஒட்டி வச்சிருந்த பிள்ளையாரு, எல்லாத்தையும் ஒரு பையில எடுத்து வச்சேன். பதிவ ரத்து பண்றதெல்லாம் போன்லயே செஞ்சுடலாம், சிங்பாஸ்னு அரசாங்க ஆப்பு இருக்குல்ல, அதுல உள்ள போனாப் போதும், ரெண்டு தட்டு. ரத்து செய்யவும் அங்கயே வழி இருக்கு, நீட்டிக்கவும் அங்கயே வழி இருக்கு. கடைசியா ஒரு தடவ உக்காருவோம்னு உக்காந்து எஞ்சினப் போட்டேன். போயிட்டு வரட்டுமாடான்னு கேட்டேன். மணி அடிக்குது.

நான் என்ன செய்ய? எட்டி பெல்ட்ட மாட்டி விட்டேன். மாட்டி விட்டுட்டு அந்தக் கிழவரோட ரெண்டு கையையும் நெனச்சுப் பாத்தேன். பெல்ட்டு போட்டு உக்காந்திருக்கிறவனக் கொண்டு போயி அந்த மெஷினுக்குள்ள எப்படிம்மா விடுறது? சொல்லுங்க. ஒருத்தனுக்கு ரெண்டு தடவையா கொள்ளி வப்பாங்க? தானாடாட்டியும் தன் சதை ஆடும்மா. கட்டிக்கிட்டு வந்தவளுக்கு அது தெரியாது.

நேரா பேங்குக்குப் போனேன். வயசான காலத்துக்குன்னு நான் சேத்து வச்சது இருந்துச்சு. பத்து வருஷத்துக்குப் பத்தல. அஞ்சு வருஷத்துக்குச் சரியா வந்துச்சு. கட்டிட்டேன்.

வரும்போது ஜிலேபி வாங்கிக்கிட்டுத்தான் வந்தேன். சந்தோஷமான சேதி பாருங்க. புனிதா கட்டில்ல உக்காந்து பிள்ளையோட யூனிஃபார்ம மடிச்சுக்கிட்டு இருந்தா. வண்டியக் குடுத்துட்டீங்களா அண்ணின்னு கேட்டா. இல்லம்மா, அவனுக்கு அஞ்சு வருஷம் வாங்கிக் குடுத்துட்டேன்னேன். அவ மடிக்கிறத நிறுத்தல. அப்ப ரிபேட்டு என்னாச்சுன்னு கேட்டா. அது போச்சும்மா, நீட்டிச்சா அது கிடையாது, அதுதான் சட்டம்னு வெளக்கமா எடுத்துச் சொன்னேன். கடைக்கு வேணும்னா மாசாமாசம் என்னால முடிஞ்சதத் தர்றேன், நீ ஏன் போற, இங்கயே இருந்து தையி, என் ரூம எடுத்துக்கோன்னும் சொன்னேன். கடைசி சட்டைய மடிச்சு அடுக்கு மேல வச்சா. அதத் தடவிக் குடுத்தா.

"அவர நீங்க வச்சுக்குங்க அண்ணி. பிள்ளைய நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

ஜிலேபியத் தொடக் கூட இல்ல. என் காசு, என் கையக் கடிச்சு அவ புருஷனுக்காகப் போட்டேன். ஒரு நாத்தனா உங்களுக்கு இப்படிச் செஞ்சா நீங்க கையெடுத்துக் கும்பிட மாட்டீங்க? ஏம்மா அப்படிப் பாக்குறீங்க? நீங்க சின்னப் பொண்ணு, உங்களுக்கு இதெல்லாம் வெளங்காது.

அந்த வாரமே கிளம்பிட்டாங்க. தைப்பிங் வரைக்கும் நானே காருல கொண்டு விடுறேன், எல்லாருமாச் சேந்து போவோம்னு சொன்னேன். அவ டாக்சியக் கூப்பிட்டா, பஸ்ஸுக்குப் போக. பொட்டியெல்லாம் ஏத்தியாச்சு, ஷாமினியும் ஏறிட்டா. ஏறினவ எறங்கி ஓடியாந்தா. என்னைக் குனியச் சொன்னா. காதுக்குள்ள சொன்னா.

"அத்தை, நான் ஒரு நாள் கூட அப்பாவப் பாக்கல. இல்லன்னு சொன்னா நீங்க அழுவீங்கன்னுதான் இருக்காருன்னு சொன்னேன். இனிமே அழக் கூடாது, சரியா?"

அவ அம்மா சொல்லிக் குடுத்து அனுப்பினது அது. பின்ன? அந்த வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு நாளு பொய் சொல்ல வருமா? அக்கான்னு கூப்பிட்டாளே, அது பொய்யா? நான் பிள்ளைய ஒண்ணும் சொல்லல, தலையத் தடவி அனுப்பிட்டேன். பிள்ளை மேல எனக்குக் கோவமே கிடையாது. புனிதாதான். அவனையும் எங்கிட்டேர்ந்து பிரிக்கணும், பிள்ளையையும் பிரிக்கணும்னு கங்கணம் கட்டிக்கிட்டா. அங்க போயி இப்ப அடுத்தவ கடையில கூலிக்குத் தைக்கிறாளாம். கேள்விப்பட்டேன். நான் அனுப்பின காசும் திரும்பி வந்துடுச்சு. ரோஷத்துக்கு மட்டும் கொறச்சல் இல்ல.

ஒரே ஒரு தடவ போன் பண்ணேன். காருக்குள்ள உக்காந்துதான் பண்ணேன். ஷாமினி எடுத்தா. கண்ணு, போன ஸ்பீக்கர்ல போட்டு அப்பாவுக்குப் பக்கத்துல வைக்கிறேன், ஏன் அத்தைகிட்ட பேசமாட்டேங்குறாருன்னு மட்டும் நீ கேட்டுச் சொல்லுன்னேன். பிள்ளை மூச்சு விடுறது மட்டும் கேக்குது. அப்புறம் அவ அம்மா வாங்கி வச்சுட்டா. அதுக்கப்புறம் அந்த நம்பரே போறதில்ல.

ஆமாம்மா, பேசுறதில்ல. அவங்க போனதுலேர்ந்து அவன் ஒரு வார்த்த பேசுறதில்ல. நான் தினமும் போறேன். கறி பஃப் கூட வாங்கிட்டுப் போறேன், அப்படியே இருக்கு, மறுநாள் எடுத்துக் கொட்டுறேன். என்னடா வேணும் உனக்கு, நான் என்னடா தப்பு பண்ணேன், ஒனக்காகத்தான எல்லாத்தையும் கட்டினேன்னு கேக்குறேன். பதிலே கிடையாது. ஏசி சத்தம் மட்டுந்தான் வருது. வீட்லயும் இப்ப யாரும் இல்லாததால ரெண்டு எடமும் ஒரே மாதிரி ஆயிடுச்சு. சில நாள் நான் படுக்க வீட்டுக்குப் போறதே இல்ல.

கோவமா இருக்கான், அவ்வளவுதான். சின்னப் பிள்ளையிலயே அப்படித்தான். பொண்டாட்டி பிள்ளைய அனுப்பிட்டேன்னு எம்மேல கோவம். நானா அனுப்பினேன்? அவனுக்கு அது புரியணும். புரியும்.

அந்தா, என் வண்டி நம்பரக் கூப்பிடுறான். பாஸாம். பாத்தீங்களா, பத்து வருஷம் தாண்டின வண்டி, ஒரு கொற சொல்ல முடியல அவனால. இந்தாங்க உங்க கடுதாசி, பத்திரமா வச்சுக்குங்க. நாள் இருக்குன்னு இழுத்தடிக்காம எடுத்துடுங்கம்மா, ரிபேட்ட விட்டுடாதீங்க, வீட்டுக்காரர்கிட்ட தவமணி அக்கா சொன்னாங்கன்னு சொல்லுங்க. என் கதை வேற. எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. அதுக்குள்ள ஒரு வார்த்த பேசாமலா இருந்துடுவான்?